நர்சிங் சேரணுமா? மே மாதத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் ஓ.எச்.சி.க்கு வழக்கமான ஆட்களோடு அப்பாக்களும் வரத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் (அதுதான் ஓ.எச்.சி.) நர்ஸ். விரல் வெட்டு, கண்ணில் விழுந்த உலோகத்தூள், நைட் ஷிப்ட் முடியும் நேரத்துத் தலைச்சுற்றல், லைனில் நிற்கும் பெண்பிள்ளைகளின் மாதவிடாய் வலி, இதுதான் அன்றாடம். மே மாதத்தில் மட்டும் பி.பி. பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வியும் வரும். “சிஸ்டர், பாப்பா நர்சிங்தான் படிப்பேங்குது. செலவு கம்மியா எந்த காலேஜ்?”

கையில் கட்டிய பட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இந்த வருடம் ஒரு அப்பா நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வழவழப்பான தாள். முன்பக்கத்தில் வெள்ளை யூனிபார்மில் சிரிக்கும் பெண்கள், “மிகக் குறைந்த கட்டணம்”, “100 சதவீத வேலைவாய்ப்பு”. பின்பக்கத்தில் ஒரு செல்போன் எண். ஆண்டுக் கட்டணம் என்று ஒரே ஒரு தொகை. நான் அவரை உட்காரவைத்து, அந்த எண்ணுக்கே போன் போடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னேன். ஹாஸ்டல் எவ்வளவு, மெஸ் எவ்வளவு, யூனிபார்ம், ஷூ, ரெக்கார்டு நோட்டு, லேப், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ஆஸ்பத்திரி போஸ்டிங்குக்குப் போய்வர பஸ் கட்டணம், திருப்பித் தராத டெபாசிட். மருந்து இன்டென்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், அச்சிட்ட தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. இத்தனைக்கும் அந்த நோட்டீஸில் எந்த ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை. “சீட் பிளாக் பண்ண இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க, மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொண்டாங்க” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரிஜினல் கையை விட்டுப் போனால் மகள் மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், ஒரிஜினலைத் திரும்ப வாங்க முழுப் பணத்தையும் கட்டச் சொல்வார்கள். மே மாதத்தில் இவ்வளவு அவசரம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்களுக்கான கலந்தாய்வு உடனே நடந்துவிடாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, தரவரிசை வெளியிட்டு, கலந்தாய்வு முடிக்கச் சில மாதங்கள் ஆகும். பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் சேர்ந்து வகுப்புக்கே போய்க்கொண்டிருப்பான், நம் பெண் இன்னும் வீட்டில் இருப்பாள். அந்த இடைவெளியில் பெற்றோருக்கு வரும் பயத்தை வைத்துத்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். அந்தச் சில மாதங்கள் பொறுத்திருக்கும் வீட்டுக்குத்தான் மலிவான இடம் கிடைக்கும். நான் சொல்ல வந்ததே இதுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் அரசுக் கல்லூரிகள். சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம் போன்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருடப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் இந்தச் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கட்டணம் தனியார் கல்லூரியின் பக்கத்தில்கூட வராது. நம் பகுதிக்காரர்களுக்குச் செங்கல்பட்டு ரொம்ப வசதி. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாக பஸ்ஸில் போய்விடலாம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை நாடு முழுக்க 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது, அதில் 11 தமிழ்நாட்டுக்கு. அவற்றில் எந்தெந்த ஊரில் இந்த ஆண்டு சேர்க்கை என்பதைத் தேர்வுக் குழுவின் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இடம் கிடைக்க மார்க் நிறைய வேண்டும். கிடைக்காதவர்கள் அடுத்த நிமிடமே தனியார் பி.எஸ்சி. என்று ஓடுகிறார்கள். நடுவில் இருக்கும் டி.ஜி.என்.எம். படிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. அதில்தான் எனக்கு மனத்தாங்கல். மூன்று வருட டிப்ளமோ. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் அரசு நர்சிங் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. நான் படித்தது அப்படி ஒரு பள்ளியில்தான். “டிப்ளமோதானே” என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வை டி.ஜி.என்.எம். படித்தவரும் எழுதலாம், பி.எஸ்சி. படித்தவரும் எழுதலாம், பதவியும் ஒன்றே. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசருக்கான நார்செட் தேர்வைக்கூட, டிப்ளமோ முடித்து 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் எழுதலாம். அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பட்டம் வேண்டுமென்றால் பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம், அதற்குள் கையில் சொந்தச் சம்பளம் இருக்கும்.

இந்தியாவில் நர்ஸ் பயிற்சி முறையாகத் தொடங்கியதே நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் என்பார்கள். 1871-ல் நான்கு மாணவிகளோடு ஆரம்பித்தது. அரசு ஆஸ்பத்திரிதான் நர்ஸுக்கான பள்ளிக்கூடம் என்பது 150 வருடத்துக்கு மேலாக இந்த ஊர் கண்ட உண்மை.

நீட் எழுதி எம்.பி.பி.எஸ். கிடைக்காத பிள்ளைகள் அந்த மார்க்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்தான் கேட்கிறார்கள், கட்டணமும் குறைவு. ராணுவ நர்சிங் சேவைக்கும் நீட் வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கு மட்டும், நாடு முழுக்க 220 இடம். படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் ராணுவச் செலவு, மாத உதவித்தொகையும் உண்டு. முடித்தால் அதிகாரி பதவி, பதிலுக்குக் குறிப்பிட்ட வருடங்கள் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்.

இங்கே லைனில் வேலை பார்க்கும் அப்பா அம்மாக்கள் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று ஈ.எஸ்.ஐ. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடித்தம் போகிறதே, அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் எல்லோரும், கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர்களும், இதற்குள் வருகிறீர்கள். ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்குச் சொந்தமாக பெங்களூரு இந்திரா நகரிலும் கலபுரகியிலும் நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே காப்பீட்டுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று ஐ.பி. கோட்டா உண்டு. அதற்கும் நீட் எழுதியிருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும், அதற்கான சான்றை ஈ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் ஐ.பி. நம்பரை வைத்து எடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்குகிற இடம் என்று மட்டும்தான் இந்த வட்டாரத்தில் பலருக்குத் தெரிகிறது. தன் பிடித்தத்தில் பிள்ளையின் படிப்புக்கும் வழி இருக்கிறது என்று கேட்டதும் ஆச்சரியப்படாத ஆளை நான் பார்த்ததில்லை.

வேலூர் சி.எம்.சி.யையும் சொல்ல வேண்டும். நம் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே போனால் வந்துவிடும். 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இடம், இந்தியாவில் அந்தப் பட்டப்படிப்பை முதலில் கொண்டுவந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று. தனியார்தான், ஆனாலும் படிப்பின் தரத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் ரொம்பக் குறைவு. தனி விண்ணப்பம், தனித் தேர்வுமுறை. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடலாம், அதனால் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பிருந்தே அவர்கள் தளத்தைப் பார்த்து வாருங்கள்.

இதெல்லாம் கிடைக்கவில்லை, தனியார்தான் வழி என்றால், அதையும் கலந்தாய்வு மூலமாகவே வாங்குங்கள். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடத்தையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அந்த இடங்களுக்குக் கட்டணத்தை நிர்ணயிப்பது கட்டண நிர்ணயக் குழு, கல்லூரி முதலாளி அல்ல. அதே வகுப்பறை, அதே டீச்சர், அதே சர்டிபிகேட். மேனேஜ்மென்ட் கோட்டாவில் உட்காரும் பெண் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பாள். நம் பக்கத்தில் பூந்தமல்லி சாலையிலும் காஞ்சிபுரம் பக்கமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நிறைய. அவை இந்தக் கலந்தாய்வுக்குள் வராது, கட்டணத்தையும் அவையே முடிவு செய்யும். பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கே உண்டு, வசதி இருப்பவர்கள் சேர்க்கலாம். செலவு பார்த்துத்தான் ஆக வேண்டும் என்கிற வீடு முதலில் அங்கே போய் நிற்க வேண்டாம்.

தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். படுக்கையைப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு வர வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. விதி காகிதத்தில் இருக்கும். காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி.யில் உட்காருங்கள். எத்தனை பேர் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்? வார்டுப் பக்கம் நடந்தால் கட்டில்களில் ஆள் இருக்கிறதா, விரிப்பு மட்டும் இருக்கிறதா? பிரசவ வார்டில் குழந்தை அழும் சத்தம் கேட்கிறதா? மூன்றாம் வருட மாணவி யாராவது எதிரே வந்தால், “எத்தனை பிரசவம் பார்த்திருக்கம்மா?” என்று கேளுங்கள். நல்ல இடத்தில் படிப்பவள் யோசிக்காமல் எண்ணிக்கை சொல்வாள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், நான்கு வருடப் பட்டம், நல்ல மார்க். நீர்ச்சத்து வற்றிப்போய் வந்த தொழிலாளி ஒருவருக்கு டிரிப் போட வேண்டும். அவள் டூர்னிக்கே கட்டினாள், நரம்பைத் தடவினாள், வென்ஃப்ளானைக் கையில் எடுத்தாள், அதற்குமேல் விரல் நகரவில்லை. நடுங்கியது. அன்றைக்கு நான் போட்டேன். பிறகு கேட்டபோது சொன்னாள்: “எங்க ஆஸ்பிட்டல்ல பேஷன்டே இருக்க மாட்டாங்க சிஸ்டர். கேஸ் புக்கெல்லாம் சீனியர்ஸ் எழுதினதைப் பார்த்து எழுதிடுவோம்.” அவள் புத்திசாலி, எங்கள் அறையில் இருந்தே சீக்கிரம் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் அப்பா நான்கு வருடம் கட்டியது அந்தக் கைப்பழக்கத்துக்குத்தானே? அது கிடைக்காத கல்லூரி இலவசமாகவே சேர்த்தாலும் விலை அதிகம்.

இரண்டாவது, அங்கீகாரம். நான்கு பெயர்களை மனதில் வையுங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தேர்வுக் குழு. இவர்கள் தளத்தில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும், ஊரையும் டிரஸ்ட் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பஜாரில் மாடியில் போர்டு மாட்டி ஒரு வருட நர்சிங், ஆறு மாத நர்சிங் என்று நடத்துவார்கள். அதைப் படித்தால் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை, அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. இப்படி ஒரு வருடத்தையும் பணத்தையும் தொலைத்துவிட்டு லைனுக்கு வந்த பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். வெளிமாநிலக் கல்லூரி என்று ஏஜென்ட் சொன்னால் இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

இனி காசு. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பரில் தொடங்கியது. இப்போது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதே தொகை. (பையன்களும் நர்சிங் படிக்கலாம், எமர்ஜென்சியிலும் ஐ.சி.யூ.விலும் அவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது.) ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடைக்காது. முதல் பட்டதாரி சலுகையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருபவர்களுக்குத்தான். மே மாதம் அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டுகிறவர் இவற்றையும் சேர்த்தே இழக்கிறார். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றையும் பரீட்சை முடிந்த விடுமுறையிலேயே இ-சேவையில் போட்டு வாங்கிவிடுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் வருமானச் சான்றுக்கு ஓடுவது ரொம்பக் கொடுமை.

வங்கிக் கடன் வாங்குவதானால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருக்க வேண்டும். அப்படி வட்டி ஏறாத 4 லட்சத்தைப் பத்து வருடத்தில், பத்தரை சதவீத வட்டியில் அடைத்தால் மாதம் 5,400 ரூபாய் வரும்.

இப்போது மறுபக்கம், சம்பளம். 2015-ல் எம்.ஆர்.பி. மூலம் 7,243 நர்சுகளை அரசு எடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். போராடிப் போராடி அது 18,000 ஆனது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக, உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைவிடக் குறைவாகத் தரும் ஆஸ்பத்திரிகள் இன்றும் இருக்கின்றன. முதல் இரண்டு வருடம் நர்ஸ் சம்பளம், இதே சிப்காட்டில் லைனில் நிற்கும் பெண்ணின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இதைச் சொல்லாமல் யாரையும் நர்சிங்குக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. அதன்பிறகு ஏறும், அனுபவம் கூடக் கூட வழிகள் திறக்கும், வெளிநாட்டுக்கு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவே போகலாம். ஆனால் அந்த முதல் இரண்டு வருடத்தைத் தாண்டும் அளவுக்குக் கடன் சின்னதாக இருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகும் என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு ஏற்றதல்ல.

கடைசியாக, லைனில் நிற்கும் பிள்ளைகளுக்கு. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தென்மாவட்டங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறீர்கள். பேண்டேஜ் மாற்றும்போது “அக்கா, நானும் பயாலஜி குரூப்தான், நர்சிங் சேரணும்னு இருந்தேன்” என்று உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! பிளஸ் டூ முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதால் கதவு மூடிவிடவில்லை. 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் கீழ் வரம்பு, மேல் வரம்பைத் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம். டி.ஜி.என்.எம்.முக்கு அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை, ஆங்கிலத்தோடு பிளஸ் டூ தேறிய மற்றவர்களையும் கவுன்சில் விதி ஒதுக்கவில்லை. இங்கே சேர்த்த பணம் அரசு நர்சிங் பள்ளிச் செலவுக்குத் தாராளமாகப் போதும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. அங்கேயும் சுற்றியுள்ள மற்ற ஹாஸ்டல்களிலும் இருக்கும் வார்டன்களுக்கும், கம்பெனி ஹெச்.ஆர். ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள். பி.எஸ்சி. நர்சிங், டி.ஜி.என்.எம். விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து மெஸ் வாசலில் ஒட்டுங்கள், கடைசித் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். விண்ணப்பம் போட உதவி வேண்டும் என்கிறவர்களை ஷிப்ட் முடிந்ததும் எங்கள் அறைக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.